துணைவர் மூச்சு: பதினேழு

ஜூலை 3, வியாழன்

சங்கரன்கோவில் நகராட்சி எல்லைக்குள் வசிக்கும் அனைவரும் அறிய வேண்டிய செய்தி: வே. கோமதிநாயகம், பதினோராம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, இன்று அதிகாலை ஐந்து மணிக்கு, யாரும் முகத்தில் தண்ணீர் தெளிக்காமல், தானாகவே கண் விழித்தான். கொடியேற்றம் வேண்டாம். பள்ளிக்கு விடுமுறை விட்டால் போதும்.

விழித்த காரணம் யோகம். எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் பந்தி ஹாலில் உலகம்மாள் மேடம் காலை ஐந்தரைக்கு வகுப்பு எடுக்கிறார். பகலில் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவர். மூச்சுப் பயிற்சி, தியானம், மன அடக்கம், நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். சேர்ந்தது நான் அல்ல, அப்பா. நான் அவருடன் வரும் லக்கேஜ்.

அப்பா வேலாயுதம், பஸ் கண்டக்டர். பதினோரு மாதமாக மெடிக்கல் லீவு. அவர் நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது. இறுகினது இளகாது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை உண்டு. மூக்கில் குழாய் மாட்டிக்கொள்ள ஓர் ஆக்சிஜன் மெஷினும் வீட்டில் உண்டு. அது போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டு மிக்ஸி வெட்கப்படும். வீட்டிலிருந்து மண்டபத்துக்கு இருநூறு அடி தூரம்கூட இருக்காது. அப்பா மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். “மூணு ஸ்டாப்பிங், எக்ஸ்பிரஸ்” என்றார்.

கூட வந்த அம்மா மேடத்திடம் நேராகக் கேட்டுவிட்டாள். “இதப் பண்ணுனா சரியாயிருமா மேடம்?”

“நெஞ்சு சரியாகும்னு நான் சொல்லமாட்டேன்க்கா. மூச்சு வாங்கும்போது ஒரு பயம் வருதுல்லா, அது கொறையும். மாத்திரைய நிறுத்தக் கூடாது. மெஷின நிறுத்தவே கூடாது.”

அம்மாவின் முகம் விழுந்தது. பயம் குறைவதற்கு யார் ஐந்து மணிக்கு எழுந்து வருவார்கள்?

ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார்கள். தினமும் எழுத வேண்டும். மேடம் படிக்க மாட்டாராம். மூன்று விஷயம் கட்டாயம்: உட்கார்ந்த நிமிடம், துணைவர் மூச்சு, மனம் எங்கே போனது. இதில் துணைவர் மூச்சு என்பது இப்படி. தியானம் முடிந்து மணி அடித்ததும் ஒருவர் கண்ணைத் திறக்காமல் இருக்க, ஜோடியாக இருப்பவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் அவருடைய மூச்சை எண்ண வேண்டும். எப்போது எண்ணுகிறோம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சு நடிக்க ஆரம்பித்துவிடுமாம். நல்ல நெஞ்சுக்கு எண்ணிக்கை இருபதைத் தாண்டாதாம். எண்ணியதை அவரிடம் சொல்ல வேண்டும், அவரும் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். ஆக, என் மூச்சு அப்பாவின் கணக்கு. அப்பாவின் மூச்சு என் கணக்கு.

உட்கார்ந்த நிமிடம்: 20. துணைவர் மூச்சு: 26. மனம் எங்கே போனது: சுவருக்கு அந்தப் பக்கம், கேசரிக்கு.

ஜூலை 5, சனி

நிஷ்டைக்கும் நாஷ்டாவுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் முகூர்த்தத்துக்கு ரவை வறுக்கிறார்கள். இந்தப் பக்கம் பதினான்கு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முக்தி தேடுகிறோம். மூக்கைப் பிடித்ததால் தப்பித்தோம், இல்லையென்றால் பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

மூச்சுப் பயிற்சிக்குப் பிறகு வந்த தியான அமைதி எனக்குத் தாங்கவில்லை. அப்பாவின் விசில் என் பையில் இருந்தது. ஆணியில் சும்மா தொங்குகிறதே என்று எடுத்து வந்திருந்தேன். எல்லோரும் அகத்துக்குள் ஆழமாகப் போயிருந்த நேரம் பார்த்து இரண்டு விசில் கொடுத்தேன். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. கூட்டுறவு வங்கியில் ரிட்டயர்டான ஒருவர் “ஏ, எறங்கணும், எறங்கணும்” என்று எழுந்தே விட்டார்.

எல்லோரையும்விட அதிகம் சிரித்தது அப்பாதான். சிரிப்பு இருமலானது. இருமல் நான்கு நிமிடம் நிற்கவில்லை. முடிந்தபோது அவர் உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. மேடம் என்னைத் திட்டவில்லை. விசிலை என்னிடமிருந்து வாங்கி அப்பா சட்டைப் பையில் வைத்தார்.

மணி அடித்தது. எண்ணினேன்.

“எத்தனலே?”

“இருவத்தி நாலு.”

“மொத நாளு இருவத்தாறுல்லா சொன்ன? கொறையுது.”

நிறைகூட்டத்தில் அத்தனை பேரும் டிக்கெட் வாங்கி முடித்துவிட்டால் ஒரு கண்டக்டர் முகத்தில் வருமே, அந்த நிம்மதி அப்பா முகத்தில் வந்தது.

உட்கார்ந்த நிமிடம்: 20. துணைவர் மூச்சு: 24. மனம் எங்கே போனது: சொல்ல விருப்பமில்லை.

ஜூலை 9, புதன்

இன்று 25 நிமிடம். இமைகூட அசையவில்லை. ஒரு கொசு என் மூக்கில் குடியேறி, பிள்ளை பெற்று, பேரன் பார்த்துவிட்டுப் போனது. வகுப்பில் என் அளவுக்கு யாரும் அசையாமல் உட்காரவில்லை என்று மேடமே சொன்னார். துணைவர் மூச்சு: 23.

ஜூலை 12, சனி

யோகத்துக்கு எட்டு அங்கங்களாம். எனக்கு எட்டாத அங்கங்கள். முதல் அங்கத்திலேயே உண்மை பேசுதல் வந்துவிடுகிறது. ஆசனம், பிராணாயாமம் எல்லாம் அதற்கப்புறம்தான்.

“பெருசாப் பொய் சொல்றவங்க கம்மிதான்” என்றார் மேடம். “சின்னதா ஒண்ணு சொல்லிட்டு, அதுக்குத் தெனமும் சோறு போட்டு வளப்போம். அதுதான் நம்ம பழக்கம்.”

தபால் ஆபீசில் இருப்பவர் பிரிக்காத கவரையும் படிப்பார் போலிருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது, கல்யாணம் படுத்தது, கேசரி ஓய்ந்தது. இனி என் புலனடக்கம் கிடுகிடுவென வளரும், ஏனென்றால் அடக்குவதற்கு எதுவுமில்லை.

காணவில்லை அறிவிப்பு: விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப், வெள்ளை நிறம், நேற்று முதல் காணவில்லை. கடைசியாக 84 என்று காட்டியபோது பார்த்தவர்கள் உண்டு. அம்மா பீரோவுக்கு அடியில் தேடினாள், அரிசி டப்பாவில்கூடத் தேடினாள். நானும் தேடினேன். என்னைப் போல மும்முரமாகத் தேடுகிறவன் கிடைப்பது அரிது.

மண்டபத்துக்கு இப்போது ஐந்து ஸ்டாப்பிங். கரண்ட் கம்பம், டீக்கடை பெஞ்சு, அடிகுழாய், சைக்கிள் கடை, மண்டபத்துப் படி. எக்ஸ்பிரஸ் டவுன் பஸ் ஆகிவிட்டது என்கிறார் அப்பா. ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் நான் செருப்புப் பக்கிளைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்கிறேன். என் செருப்புக்குப் பக்கிளே கிடையாது.

துணைவர் மூச்சு: 21. உட்கார்ந்த நிமிடம்: 30. சமாதியின் வாசல் வரை போய்விட்டு, வெளியே விட்ட செருப்பு ஞாபகம் வந்ததால் திரும்பினேன்.

ஜூலை 24, வியாழன்

அங்கன்வாடி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா, அப்பாவின் நோட்டை எடுத்துப் பார்த்தாள்.

“நோட்டுல கொறையுது. தெருவுல கூடுதே” என்றாள்.

“அது அப்பிடித்தான். உள்ள மொதல்ல சரியாகும், வெளிய பெறகுதான் தெரியும்” என்றார் அப்பா. இதை மேடம் சொன்னதே இல்லை. அவராகவே கண்டுபிடித்திருக்கிறார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இட்லியைப் பார்த்தேன்.

துணைவர் மூச்சு: 20.

ஜூலை 29, செவ்வாய்

விளக்குச் சுடரை இமைக்காமல் பார்க்கும் பயிற்சி. எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது. யாரும் எதுவும் கேட்காமல் அழ வசதியான பயிற்சி என்று ரிட்டயர்டு வங்கிக்காரர் சொன்னார்.

அப்பாவுக்கு 18 என்று நான் சொன்னதும் அவர் அதைச் சத்தமாக அறிவித்துவிட்டார். ஹாலே கை தட்டியது. மேடம் மட்டும் தட்டவில்லை. அப்பாவின் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே விழுந்து எழுந்தது.

“அண்ணாச்சி, அடுத்த செக்கப் எப்போ?”

“அது கெடக்கு மேடம். பதினெட்டு வந்தாச்சு.”

வீட்டுக்கு வந்ததும் மெஷினை அணைத்துவிட்டு, குழாயைச் சுருட்டி அலமாரி மேல் வைத்தார். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது.

“எப்பா, மெஷின நிறுத்தக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்கள்லா?”

“பதினெட்டுக்கு எதுக்குலே குழாய்?”

நாளை பத்தொன்பது என்று சொல்லப் போகிறேன். மறுநாள் இருபத்தொன்று. மெதுவாக ஏற்றிக்கொண்டு போய்விடலாம். ஆள் தடுமாறாமல் இறக்கிவிடத் தெரிந்தவன்தான் நல்ல டிரைவர்.

ஜூலை 30, புதன்

மணி அடித்தது, எண்ணினேன். அவர் கண்ணைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தயாராக இருந்தார். பதினேழு என்று வாயில் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

நாளை ஆடித் தபசு. அம்பாள் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த ஊர் இது. அவள் பெயரையே எனக்கும் வைத்தார்கள், தவம் மட்டும் வரவில்லை. நாலா பக்கமும் ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள்.

சாயங்காலம் அப்பா காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டார். நின்றுகொண்டு போட முடியாமல் தரையில் உட்கார்ந்து, ஒரு கை, ஓய்வு, மறு கை, ஓய்வு, காலர்.

“டெப்போவுக்குப் போறேன். நாளைக்கு ஆள் பத்தாது. நோட்டக் காட்டுனா ஒரு லைட் டியூட்டியாவது போடுவாங்க. ஒரு வாரமா பதினேழுல நிக்குதுல்லா.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முழு வாக்கியமே தயாராக இருந்தது.

“சட்ட பெருசா இருக்குப்பா” என்றேன்.

“சட்ட அப்பிடியேதாம்லே இருக்கு. நாந்தான் உள்ளுக்குள்ள தள்ளி உக்காந்துட்டேன்” என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஊரே தபசு பார்க்கக் கோயில் பக்கம் போகிறது. நான் வாசலில் நின்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் போனார். மணி பதினொன்று.

ஆகஸ்ட் 8, வெள்ளி

திருநெல்வேலி, ஆஸ்பத்திரி வராந்தா.

டெப்போவில் டியூட்டி கொடுக்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது இருக்கட்டும் அண்ணாச்சி, ஒடம்பப் பாருங்க” என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே வந்தவரை, அவருடன் பதினைந்து வருடம் ஒரே பஸ்ஸில் ஓடிய டிரைவர் சேர்மக்கனி மாமா பார்த்திருக்கிறார். முகம் வாடியிருக்கிறதே என்று, “முன்னால சும்மா உக்காந்து வாங்க அண்ணாச்சி, திருநெல்வேலிக்கு ஒரு டிரிப் போயிட்டு வருவோம்” என்று ஏற்றிக்கொண்டார்.

மாமா என்னிடம் சொன்னது:

“தேவர்குளத்துல ஒரே கூட்டம். கண்டக்டர் புதுப் பையன், பின்னால மாட்டிக்கிட்டான். அண்ணாச்சி எந்திச்சாரு. பையில இருந்து விசில எடுத்தாரு. எனக்குக் கண்ணாடில தெரியுது. பழைய மாதிரியே நிக்காரு மக்கா, கம்பியில சாஞ்சு. ஒரு விசில் வந்துச்சு. நான் கியர்ல கைய வச்சுக்கிட்டு அடுத்ததுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். வரல. வண்டி நின்னுக்கிட்டுத்தான இருக்கு, இவரு ஏன் நிறுத்தச் சொல்லுதாருன்னு திரும்பிப் பாத்தேன்.”

அதற்குமேல் சொல்ல முடியாமல் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பஸ் எங்கும் நிற்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தது. இறங்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. மானூரில் இறங்க வேண்டிய ஓர் அம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டே கடைசி வரை வந்தார்களாம்.

நர்ஸ் அப்பாவின் மஞ்சள் பையை என்னிடம் கொடுத்தார். விசில், மூக்குக் கண்ணாடி, நோட்டு. அப்பாவின் நோட்டை இதுவரை நான் பிரித்ததில்லை. மற்ற கணக்குகளுக்குக் கீழே தினம் ஒரு வரி. ‘என் மூச்சு 24, கோமு எண்ணியது.’ ‘என் மூச்சு 20, கோமு எண்ணியது.’ ‘என் மூச்சு 17, கோமு எண்ணியது.’ ஒரு வரியில்கூட என் பெயர் விட்டுப்போகவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இங்கே மூச்சை மெஷினே எண்ணுகிறது. சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. யாரையும் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். “வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்க” என்று டாக்டர் சொன்னதை அம்மா எல்லோரிடமும் நல்ல செய்தி போலவே சொல்கிறாள். கேட்பவர்கள் யாரும் அதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை.

மெஷின் நாள் முழுக்க ஓடுகிறது. அப்பா ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தை பேசுகிறார். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு நடுவில் இரண்டு ஸ்டாப்பிங். ஒரு ஜோக் சொல்லலாம் என்று பார்த்தேன். சிரித்தால் இருமல் வரும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நாற்பத்தெட்டாவது நாள். மேடம் மணியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா கேட்டாராம், மண்டலத்தை முடிக்க வேண்டும் என்று. கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் மேடமும் தரையில். பத்து நிமிடம். மணி. எண்ணினேன்.

“எத்தன?” என்று வாயசைத்தார்.

மேடம் என்னைப் பார்க்காமல் மணியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“முப்பத்தெட்டு.”

“பதினேழுல இருந்து... முப்பத்தெட்டா?”

“பதினேழு எப்பவுமே இல்லப்பா.”

என் பள்ளிக்கூடக் கணக்கு நோட்டை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். தினமும் எண்ணிய நிஜ எண்கள் அங்கேதான் இருக்கின்றன. எங்காவது எழுதாவிட்டால் அவை ராத்திரி வரை தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. 26, 27, 27, 28 என்று தொடங்கி, அவர் டெப்போவுக்குப் போனதற்கு முந்தின நாள் 34. ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து அந்த வெள்ளைக் கிளிப்பையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

அப்பா ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து இறங்கினார். அடுக்களையில் அம்மா குழாயை மூடும் சத்தம் கேட்டது.

“நான்... நெசம்னு... நெனச்சுட்டேம்லே” என்றார்.

அவ்வளவுதான். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அதற்கு வேண்டிய மூச்சு அவரிடம் இல்லை.

அந்த விரலை என் பக்கம் நீட்டினார். “நீ... எத்தன நிமிஷம்... உக்காந்த?”

ஆகவே, இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், முன்னால் நான் எழுதியிருக்கும் இருபது, இருபத்தைந்து, முப்பது எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். கொசு கதையை அடித்துவிடுங்கள், சமாதியின் வாசலையும் அடித்துவிடுங்கள். நாற்பத்தெட்டு நாளில் ஒரு நிமிடம்கூட நான் கண்ணை முழுதாக மூடவில்லை, மேடமோ அப்பாவோ என் பக்கம் பார்த்தால் இமையை மட்டும் தாழ்த்திக்கொள்வேன். நான் மூடியிருக்கும்போது அவர் தோள் ஏறி இறங்காமல் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையாமல் இருந்தேன் என்றது மட்டும் உண்மை.

இதை அப்பாவிடம் இவ்வளவு விளக்கமாகச் சொல்லவில்லை. “உக்காரவே இல்லப்பா” என்றேன்.

“இப்ப மூடு” என்றார்.

மூடினேன். உள்ளே ஏதோ இருக்கும் என்று மேடம் நாற்பத்தெட்டு நாளாகச் சொல்லியிருந்தார். ஒன்றுமில்லை. மெஷின் சத்தம், அதற்குள் அப்பாவின் மூச்சு. ஒன்று, இரண்டு என்று மனம் தானாக எண்ண ஆரம்பித்தது. பதினொன்றுக்கு அப்புறம் கொஞ்சம் இடைவெளி வந்தது. திறந்துவிட்டேன்.

அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

துணைவர் மூச்சு: 38. மனம் எங்கே போனது: எங்கேயும் போகவில்லை. உட்கார்ந்த நிமிடம்: பூஜ்யம். நொடியில் எழுதலாம் என்றால், பதினேழு. இந்தப் பதினேழு மேடம் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது, நான் எண்ணியது இல்லை.